வெல்டிங் வைக்காமல் இரும்புக் கட்டுமானத்தை வலுப்படுத்துதல்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை வழியாக வாலிநோக்கம் வரையிலான கடற்கரையில் ஐஸ் கம்பெனி, இறால் கம்பெனி, படகு கட்டும் தளம், உப்புக் கிடங்கு என்று இரும்புக் கூரையின் கீழ் நடக்கும் தொழில்கள் ஏராளம். அவற்றின் உரிமையாளர்களும் ஃபேப்ரிகேஷன் வேலை செய்வோரும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் வேலையின் தன்மையைப் புரிந்துகொள்வதற்கு உதவும். எந்த அளவுப் பிளேட், எத்தனை போல்ட் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் அந்தக் கட்டடத்தை அளந்து, கணக்கிட்டே சொல்ல வேண்டும்.

வெல்டிங் வச்சா ஒரே நாள்ல முடியுற வேலைக்கு எதுக்கு போல்ட்?

வெல்டிங் தவறான முறை அன்று. பட்டறையில் வைத்துச் செய்யும் புதிய வேலைக்கு அதுவே பெரும்பாலும் சிறந்தது. ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் நிலைமை வேறு. ஐஸ் கம்பெனியில் கசியும் அம்மோனியா காற்றில் ஏறத்தாழ 15 சதவீதத்தை எட்டினால் தீப்பிடிக்கக்கூடியது. குளிர் அறைச் சுவருக்குள் இருக்கும் தெர்மாகோலும் ஃபோமும் ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். ஃபைபர் படகு கட்டும் இடத்தில் ரெசினிலிருந்து எழும் ஆவி எரியக்கூடியது. பக்கத்திலேயே நைலான் வலைகளும் டீசல் கேன்களும் இருக்கும்.

இரும்பின் பக்கமிருந்தும் காரணங்கள் உண்டு. துருவால் மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழுகிறது, அல்லது ஒட்டியதுபோல் தெரிந்து உள்ளே பிடிப்பில்லாமல் போகிறது. இரும்பு 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடும். ஆகவே பாரம் சுமந்துகொண்டிருக்கும் மெலிந்த உறுப்பைக் குறுக்கே சூடாக்குவது அந்தச் சில நிமிடங்களுக்கு அதை ஆபத்தில் நிறுத்துவதாகும். கால்வனைஸ் செய்த உறுப்பானால் துத்தநாகப் புகை வேலை செய்பவரின் உடலைக் கெடுக்கும். எரிந்துபோன பூச்சை அந்த இடத்தில் பழையபடி திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

எங்க ஷெட்டுக்கு வலுவூட்டல் தேவைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

முதலில் சுரண்டிப் பார்த்து, பிறகு அளக்க வேண்டும். துரு தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கண்ணுக்குத் தடிப்பாகத் தெரியும் ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) உள்ளே மெலிந்திருக்கும். சுத்தியால் தட்டிச் செதில்களை உதிர்த்து, கம்பி பிரஷ் போட்டு, வெர்னியர் அல்லது மீயொலித் தடிமன் கருவியால் எஞ்சிய தடிமனை எடுக்க வேண்டும். 6 மி.மீ. ஆங்கிளில் 1.5 மி.மீ. போயிருந்தால் கால் பங்கு இரும்பு இல்லை என்று பொருள். தூணின் அடி, பீமின் கீழ் ஃபிளாஞ்சின், அதாவது அடிக் கிடைத்தகட்டின், மேற்பரப்பு, மழைநீர்க் கால்வாய்த் தகரத்தை ஒட்டிய பகுதி, இரண்டு ஆங்கிள்கள் முதுகோடு முதுகு சேரும் இடுக்கு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

அடுத்து, குறை எதனால் வந்தது என்பதைப் பிரித்தறிய வேண்டும். இரும்பு குறைந்திருக்கலாம், அல்லது இரும்பு அப்படியே இருக்க, பழைய ஷீட்டின் மேல் புதிய ஷீட், சோலார் பலகை, தொங்கவிட்ட பாரந்தூக்கி என்று பாரம் கூடியிருக்கலாம். பாரத்தைக் குறைக்க வழியிருந்தால் அதுவே முதல் வலுவூட்டல். இரட்டை ஷீட்டில் பழையதைக் கழற்றினால் போதும் என்ற கட்டடங்களும் உண்டு.

மெலிஞ்ச இடத்துல ஒரு பிளேட்டைச் சேர்த்து போல்ட் போட்டா போதுந்தானே?

அந்த உறுப்பு எந்த வகையில் தோற்கக்கூடும் என்பதைப் பொறுத்தது. இழுவிசையில் இருக்கும் உறுப்புக்குப் பரப்பளவுதான் வலிமை. அங்கே பிளேட் நேரடியாக உதவும். அழுத்தத்தில் இருக்கும் நீண்ட உறுப்பு நசுங்கித் தோற்பதில்லை, பக்கவாட்டில் நெளிந்து தோற்கிறது. அதன் தாங்குதிறன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதால், நீண்டு மெலிந்த ஓர் உறுப்பின் நடுவே பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் ஒரு சிறிய ஆங்கிளைப் போல்ட் போட்டுச் சேர்த்தால், அந்தத் திசையில் நெளியத் தேவையான பாரம் நான்கு மடங்காகும். அதே எடை இரும்பைப் பிளேட்டாக ஒட்டினால் இதில் சிறு பங்குகூடக் கிடைக்காது. இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 800:2007, நிலையான பாரங்களாலும் பயன்பாட்டுப் பாரங்களாலும் அழுத்தப்படும் உறுப்புகளுக்கு மெலிவு விகிதத்தை, அதாவது நெளியும் நீளத்தைக் குறுக்குவெட்டின் சுழல் ஆரத்தால் வகுத்த எண்ணை, 180க்குள் நிறுத்தச் சொல்கிறது. பழைய டிரஸ்களில் (கூரை தாங்கும் முக்கோணச் சட்டகங்களில்) முதலில் சரிபார்க்க வேண்டிய எண் அது.

பிளேட்டை இறுக்கின உடனே அது பாரத்துல பங்கு எடுத்துக்குமா?

எடுக்காது. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். தலையில் மூட்டையுடன் நிற்பவர் அருகே இன்னொருவர் வந்து நின்றால் பழைய மூட்டையின் கனம் குறையாது. இனி ஏற்றும் மூட்டையில்தான் அவருக்குப் பங்கு. பீமும் அப்படியே. கூரையின் சொந்தப் பாரத்தால் ஒரு பீமின் ஃபிளாஞ்சில் சதுர மில்லிமீட்டருக்கு 110 நியூட்டன் தகைவு (பரப்பளவால் வகுத்த விசை) ஏற்கெனவே இருக்கிறது என்று கொள்வோம். அந்த நிலையில் பிளேட் சேர்த்தால் பிளேட்டில் தகைவு சுழியம். பிறகு ஏறும் பாரம் இரண்டிலும் 40 நியூட்டன் சேர்த்தால், பழைய ஃபிளாஞ்சு 150இல் நிற்கும், புதிய பிளேட் ஏறத்தாழ 40இல் நிற்கும்.

ஆகவே பிளேட்டை வைக்கும் முன்பே பாரத்தை இறக்க வேண்டும். பீமின் நடுவே ஜாக்கி வைத்து, அளவுமானியைப் பார்த்துக்கொண்டே கணக்கிட்ட சில மில்லிமீட்டர் மட்டும் மெதுவாகத் தூக்கி, அந்த நிலையில் பிளேட்டைப் பொருத்தி எல்லாப் போல்ட்டுகளையும் முழுமையாக இறுக்கிய பின்னரே ஜாக்கியை இறக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் அதற்கு இயல்பான காலம் ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் ஐஸ் தேவை சரிந்து, தளத்தின் மீதும் பாரந்தூக்கியின் மீதும் பாரம் மிகக் குறைவாக இருக்கும். அந்த வாரங்களை வீணாக்கிவிட்டு, ஐஸ் அடுக்கி நிற்கும் ஆகஸ்டில் வேலையைத் தொடங்குவது செலவையும் ஆபத்தையும் ஒருங்கே கூட்டும்.

நுணுக்கமாகக் கேட்பவர்களுக்கு ஒன்று: இரும்பு உடனே ஒடியாமல் இளகி (நிரந்தரமாக உருமாறி) நீளக்கூடியது என்பதால், வளைவிலும் இழுவிலும் உச்ச வலிமையைக் கணக்கிடும்போது பழைய ஃபிளாஞ்சு இளகத் தொடங்கியதும் பிளேட் மிச்சத்தை ஏற்றுக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. நெளிந்து தோற்கும் உறுப்புக்கும், திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கும் பாரந்தூக்கி பீமுக்கும் அந்தச் சலுகையை நம்பக் கூடாது.

துளை போட்டா இருக்கிற பலமும் போயிடாதா?

குறையும், அதைக் கணக்கில் சேர்த்தே வேலை திட்டமிடப்படுகிறது. 100 மி.மீ. அகல ஃபிளாஞ்சில் 20 மி.மீ. போல்ட்டுக்காக 22 மி.மீ. துளை இரண்டு எதிரெதிரே போட்டால் 44 மி.மீ. இரும்பு அந்தக் குறுக்குவெட்டில் இல்லை. துளைகளை எதிரெதிரே வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பதும், இழுவிசை உச்சமாக இருக்கும் நடுப்பகுதியைக் கூடியவரை தவிர்ப்பதும், முந்தைய பதிலில் சொன்னபடி பாரத்தை இறக்கிய பிறகே துளையிடுவதும் அதனால்தான். ஒரு துளை போட்டு, போல்ட்டை மாட்டி, அடுத்த துளைக்குப் போக வேண்டும். காந்தப் பிடியுள்ள டிரில்லில் துளையிட்டுப் பிசிறை நீக்க வேண்டும். கேஸ் கட்டரால் ஊதிய துளையை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். அதன் கரடான ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும்.

துளையே போடாம வழி கிடையாதா?

உண்டு. பீமின் ஃபிளாஞ்சைப் பிடிக்கும் கிளாம்ப், குழாயைச் சுற்றும் யு-போல்ட் ஆகியவற்றால் பக்கவாட்டு ஆங்கிள்களைச் சேர்க்கலாம். முதன்மைப் பாரத்தைக் கடத்துவதற்கு, அதற்கென்றே சோதிக்கப்பட்ட கிளாம்ப்புகளை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

பாரத்தின் வழியை மாற்றுவது இன்னொரு முறை. இரு முனையிலும் தாங்கப்பட்ட பீமின் நடுவே ஒரு தூணை நிறுத்தினால், சீராகப் பரவிய பாரத்துக்கு அதிகபட்ச வளைவுத் திருப்புமை, அதாவது பீமை வளைக்கும் விளைவு, நான்கில் ஒன்றாகக் குறைகிறது. ஆனால் அந்தப் புதிய தூண் மொத்தப் பாரத்தில் எட்டில் ஐந்து பங்கைச் சுமக்கும். அதற்கு மணலில் பதித்த கல் போதாது, முறையான அஸ்திவாரம் வேண்டும். தூணுக்கு மேலே பீம் எதிர்ப்பக்கமாக வளையும் என்பதால், இதுவரை அழுத்தத்தில் இருந்த மேல் ஃபிளாஞ்சு அங்கே இழுவிசைக்கு வரும். பீமின் நடுவே செங்குத்தாக நிற்கும் வெப் தகடு நசுங்காதபடி இருபுறமும் ஆங்கிள் போல்ட் செய்ய வேண்டியிருக்கலாம். பழைய பாரத்தில் இந்தத் தூண் எவ்வளவு எடுக்கும் என்பதும், ஜாக்கி வைத்து இறுக்கினோமா, சும்மா முட்டவிட்டோமா என்பதைப் பொறுத்ததே.

கடையில கிடைக்கிற சாதா போல்ட் போதாதா?

கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 4.6 தரம், அதன் உச்ச வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன், இளகும் வலிமை 240. வலுவூட்டலுக்கு உரிய 8.8 தரத்தில் இவை 800, 640. தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும்; நட்டும் வாஷரும் அதற்கு இணையான தரத்தில் இருக்க வேண்டும்.

வலிமையைவிடப் பெரிய வேறுபாடு நழுவலில் இருக்கிறது. துளை போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிது. சாதாரணமாக இறுக்கிய இணைப்பில், போல்ட் துளையின் விளிம்பை முட்டும்வரை பிளேட் நழுவும். அதுவரை அது பாரம் ஏற்காது. உராய்வுப் பிடிப்பு முறையில் 20 மி.மீ. 8.8 போல்ட்டை ஏறத்தாழ 137 கிலோநியூட்டன் முன்னிழுப்புக்கு (பாரம் வருமுன்பே போல்ட்டில் ஏற்றும் இழுவிசைக்கு) இறுக்கினால், தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு முதலிலிருந்தே சேர்ந்து உழைக்கும். இதில் தொடும் பரப்பின் நிலை முக்கியம். ஐ.எஸ். 800 தரும் உராய்வு எண் இரும்புக் குருணை வீசித் தளர்ந்த துருவை நீக்கிய, குழி விழாத பரப்புக்கு 0.50, பதப்படுத்தாத பரப்புக்கு 0.20, ரெட்லெட் (சிவப்பு ஈயப் பெயிண்ட்) பூசிய பரப்புக்கு வெறும் 0.10. தொடும் பரப்பில் ரெட்லெட் அடித்துவிட்டு இறுக்கும் வழக்கம் பிடிப்பை ஐந்தில் ஒன்றாக்கிவிடுகிறது.

எஸ்.எஸ். போல்ட் போட்டா துருப் பிரச்சினையே இல்லையே?

துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டுக்கு இல்லை, அதைச் சுற்றிய சாதாரண இரும்புக்கு உண்டு. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொடும்போது சாதாரண இரும்புதான் அரிபடும். துளையின் ஓரமும் வாஷரின் அடியும் முதலில் போகும். காப்பு வாஷரும் குழல் உறையும் போட்டுப் பிரிக்கலாம். ஆனால் அப்படிப் பிரித்தால் உராய்வுப் பிடிப்பு கிடைக்காது. பெரும்பாலான வேலைகளுக்குச் சூட்டு முக்குக் கால்வனைஸ் செய்த 8.8 போல்ட்டே பொருத்தம். வலிமை கூடட்டும் என்று 12.9 தரத்தை வாங்கி முலாமிடாதீர்கள். அந்த வன்மையான இரும்பு ஹைட்ரஜனை உள்வாங்கி, இறுக்கிய சில நாளில் திடீரென ஒடியக்கூடும்.

பிளேட்டுக்கும் பீமுக்கும் நடுவுல உப்புக்காத்து புகுந்து அரிக்காதா?

இந்தக் கடற்கரையில் போல்ட் வேலையை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் நியாயமானது இதுதான். இடுக்கில் நுழைந்த உப்புநீர் காயாது. அங்கே உருவாகும் துரு வீங்கி, இறுக்கிய தகடுகளையே நெம்பிப் பிரிக்கும். போல்ட்டுகளை நெருக்கமாக வைத்தால் தகடுகள் விரியாது: ஐ.எஸ். 800 இழுவிசை உறுப்பில் இடைவெளியைத் தகட்டுத் தடிமனின் 16 மடங்கு அல்லது 200 மி.மீ., அழுத்த உறுப்பில் 12 மடங்கு அல்லது 200 மி.மீ. ஆகியவற்றுள் குறைந்ததற்குள் வைக்கச் சொல்கிறது. அரிக்கும் சூழலில் கடைசிப் போல்ட்டிலிருந்து தகட்டின் ஓரம் 40 மி.மீ.யுடன் தடிமனின் நான்கு மடங்கைக் கூட்டிய அளவைத் தாண்டக் கூடாது. அதாவது 8 மி.மீ. பிளேட்டுக்கு 72 மி.மீ. எல்லை. வலிமைக்கு நான்கு போல்ட் போதும் என்று கணக்கு சொன்னாலும், ஓரம் மூடுவதற்காக ஆறு போட வேண்டியிருக்கலாம். அந்தச் செலவைக் குறைக்க வேண்டாம்.

பரப்பைத் தயாரிக்கும்போது முதல் வேலை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவுவது. உப்பின் மேல் பெயிண்ட் அடித்தால் அது ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளமாக எழும்பும். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு என்பதால், குடிக்கத் தகுந்த நீரை லாரியில் வரவழைக்க நேர்ந்தாலும் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். கழுவிக் காய்ந்ததும் மணல் வீசிச் சுத்தப்படுத்தி, அன்றைக்கே பொருத்தி இறுக்கிவிட வேண்டும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலையில் சுத்தப்படுத்திய பரப்பு மறுநாள் பழுப்பேறி நிற்கும். இறுக்கிய பின் ஓரம் முழுவதும், போல்ட் தலையைச் சுற்றியும் சீலண்ட் இட்டு, மேலே துத்தநாகம் மிகுந்த பிரைமர், எப்பாக்சி, பாலியூரித்தேன் என்ற வரிசையில் பூச வேண்டும்.

கூரைக்கு உள்ளே இருப்பதால் பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். வெளியே படியும் உப்பை மழை கழுவிவிடும். கூரைக்குக் கீழே படிவதைக் கழுவ எதுவும் இல்லை. திறந்த பக்கங்களுள்ள ஷெட்டுகளில் உள் உறுப்புகள் வெளி உறுப்புகளைவிட மோசமாக அரிப்பதற்கு இதுவே காரணம்.

கார்பன் ஃபைபர் பட்டையை ஒட்டினா போதும்ங்கிறாங்களே?

காங்கிரீட்டில் அதற்குக் கிடைக்கும் வெற்றியை இரும்பில் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது. வழக்கமான கார்பன் பட்டையின் விறைப்பு இரும்பைவிடச் சற்றுக் குறைவு; ஆகவே இரும்போடு சேர்ந்து நீளும்போது அதன் பெரும் வலிமை பயன்படாமலே நிற்கும். அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சிப் பசைகள் பெரும்பாலும் 50 முதல் 65 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். மே மாத வெயிலில் தகரக் கூரையை ஒட்டிய இரும்பு அதை நெருங்கிவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்துவதால், இடையில் கண்ணாடி இழை அடுக்கு இல்லாவிட்டால் முன்பு எஸ்.எஸ். போல்ட்டுக்குச் சொன்ன அரிப்பு இங்கேயும் நிகழும். நிழலில், குளிர்ந்த இடத்தில், இழுவிசை உறுப்புக்கு இது ஒரு வழி. கூரைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

கீழே ராடு போட்டு டர்ன்பக்கிளால் இறுக்கினோம். புயலுக்கும் இது தாங்குந்தானே?

தாங்காது, இந்த ஐயத்தைக் கேட்காமலே விட்டவர்கள் பலர். பீமுக்கோ டிரஸுக்கோ கீழே இழுகம்பி போட்டு இறுக்குவது துளையும் நெருப்பும் அதிகம் தேவைப்படாத நல்ல முறை. பழைய பாரத்தையும் அது பகிர்ந்துகொள்ளும். ஆனால் அது கீழ்நோக்கிய பாரத்துக்கு மட்டுமே உதவும். புயலில் கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. காற்றழுத்தத்தைக் கணக்கிட ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி தரும் விதி, திசைவேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்குவது. விநாடிக்கு 45 மீட்டர், அதாவது மணிக்கு 162 கி.மீ. காற்றுக்கு அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,215 நியூட்டன், சுமார் 124 கிலோ. தகரக் கூரையின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 15 முதல் 25 கிலோதான். மிச்சமெல்லாம் மேல்நோக்கிய விசை. ஒரு பக்கம் திறந்த ஷெட்டில் உள்ளே புகும் காற்றும் இதனுடன் சேரும்.

அப்போது இழுகம்பி தளர்ந்து தொங்கும். எப்போதும் இழுவிசையில் இருந்த டிரஸின் கீழ் உறுப்பு அழுத்தத்துக்கு மாறும். முன்பு சொன்னபடி, பக்கவாட்டில் பிடிப்பில்லாத நீண்ட உறுப்பு நெளிந்துவிடும். கீழ் உறுப்புகளை டிரஸுக்கு டிரஸ் நீளவாக்கில் ஆங்கிளால் இணைத்து, முனை அறைகளில் குறுக்கு விட்டங்களுடன் கட்டுவதும், பீமானால் கீழ் ஃபிளாஞ்சிலிருந்து பர்லினுக்கு (கூரை ஷீட்டைத் தாங்கும் சட்டத்துக்கு) சாய்வாக ஆங்கிள் கொடுப்பதும் பரிகாரம். அதே கணக்கில் ஷீட்டின் ஜே-போல்ட், பர்லினைப் பிடிக்கும் கிளீட், தூணின் அடிப் போல்ட் என்று விசை போகும் வழி முழுவதையும் தரைவரை சரிபார்க்க வேண்டும். 1964 டிசம்பர் 22, 23 இரவில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயலை நினைவில் வைத்திருக்கும் கரையில் இதை விருப்பத் தேர்வாகக் கருத இடமில்லை.

குழாய்த் தூணுக்கு எப்படி போல்ட் போடுறது? உள்ளே கை போகாதே?

இரண்டு அரைவட்டத் தகடுகளைக் காதுகளுடன் செய்து, குழாயைச் சுற்றிக் கவ்வி, காதுகளில் போல்ட் போடலாம். குழாய்க்கும் உறைக்கும் இடையே சுருங்காத கிரௌட் (சிமென்ட் கூழ்) நிரப்புவது கடலுள் நிற்கும் எண்ணெய் மேடைகளின் பழுதுவேலையில் கையாளப்படும் முறை. குழாயின் ஊடே நீளப் போல்ட்டைச் செலுத்தி முழு விசையில் இறுக்கினால் சுவர் உள்ளே ஒடுங்கும். உராய்வுப் பிடிப்பை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. உள்ளே தண்ணீர் தேங்கி அரித்திருக்கிறதா என்பதை முதலில் தட்டிப் பாருங்கள்.

தூணோட அடி அரிச்சுப் போச்சு. சுத்தி காங்கிரீட் போட்டு மூடிட்டா?

மூடுவது மறைப்பது மட்டுமே. மீன் கழுவும் தரையில் உப்புநீர் தினமும் படுவதால் அரிப்பு தரைமட்டத்துக்குச் சற்று மேலே நடக்கிறது. முட்டுக்கொடுத்துத் தூணின் பாரத்தை இறக்கிவிட்டு, நல்ல இரும்பு உள்ள உயரத்திலிருந்து இருபுறமும் சானல்களைப் போல்ட் செய்து, அவற்றைப் புதிய பேஸ் பிளேட் மூலம் அஸ்திவாரத்தில் பதித்த நங்கூரப் போல்ட்டுகளுக்குக் கொண்டுவர வேண்டும். மேல்நோக்கிய காற்று விசையும் இந்தப் போல்ட்டுகள் வழியேதான் இறங்கும். அதற்குப் பிறகு கான்கிரீட் பீடம் போடலாம். மேற்பரப்பு வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும், இரும்பைத் தொடும் கோட்டில் சீலண்ட் வேண்டும். கடல் மணலோ உவர்நீரோ கலந்த காங்கிரீட் உள்ளிருந்தே அரிக்கும்.

பாம்பன் பாலம் நூறு வருஷம் நின்னுச்சே, அதுல வெல்டிங்கா இருந்துச்சு?

1914இல் திறக்கப்பட்ட பழைய பாலம் ரிவெட்டால் இணைக்கப்பட்டது. 1964 புயலில் விழுந்த பகுதிகள் 46 நாளில் சீராக்கப்பட்டன. 2007இல் அகலப்பாதைக்காக வலுப்படுத்தப்பட்டது. தூக்குப் பகுதியின் அரிப்பால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. அது நின்றது ஓயாத பராமரிப்பால்.

ரிவெட் உள்ள பழைய டிரஸ் உங்களிடம் இருந்தால், தளர்ந்த ரிவெட்டை வெட்டி எடுத்து, துளையைச் சீராக்கி, உயர் வலிமைப் போல்ட்டை உராய்வுப் பிடிப்பு முறையில் இறுக்குவது நிலைபெற்ற வழக்கம். ஒன்றை எடுத்து, ஒன்றைப் போட்டு, பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

பழைய வெல்டிங் ஜாயின்ட் சந்தேகமா இருக்கு. பக்கத்துலயே நாலு போல்ட் சேர்த்தா ரெண்டும் சேர்ந்து தாங்குமா?

சாதாரணமாக இறுக்கிய போல்ட்டானால் சேர்ந்து தாங்காது. வெல்டிங் விறைப்பானது, போல்ட் நழுவி முட்டுவதற்கு முன்பே முழுப் பாரமும் அதன் மேல் வந்து, அது பிளந்த பிறகே போல்ட்டுக்கு வேலை வரும். எனவே அந்த இணைப்பின் முழு விசையையும் போல்ட்டுகள் மட்டுமே தாங்கும்படி வடிவமைத்து, வெல்டிங்கைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

வேலை முடிஞ்சப்புறம் என்னென்ன பாக்கணும்?

இறுக்கியதும் ஒவ்வொரு நட்டிலிருந்து தகட்டுக்கு ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள்; நட்டு திரும்பினால் கோடு உடைந்து காட்டும். வாடை தொடங்கும் அக்டோபருக்கு முன் ஆண்டுதோறும் ஒருமுறை ஏணி வைத்துப் பார்க்க வேண்டும். தகட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை வழிந்திருந்தால் சீலண்ட் விட்டுவிட்டது என்று பொருள். அந்த ஓரத்தைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு மறுபடி மூடினால் பிளேட்டைக் கழற்றும் நிலை வராது. முன்னிழுப்புக் கொடுத்த கால்வனைஸ் போல்ட்டை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் அதையே திரும்ப மாட்டாமல் புதியதைப் போடுங்கள். எந்த உறுப்பில் எந்த ஆண்டு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருந்தது என்ற பட்டியலை வரைபடத்துடன் அலுவலகத்தில் வைத்திருங்கள். அடுத்த முறை வரும் பொறியாளர் அரிப்பின் வேகத்தை அதிலிருந்துதான் கணக்கிடுவார்.